இன்சுலின் ஊசியும் கையடக்கத் தொலைபேசி விளையாட்டும்

கையடக்கத் தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்பது இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒலிக்கின்ற முறைப்பாடாகும். 2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசித் திரைக்கு மாறிய நாட்களில், பிள்ளைகளின் கையில் நாமே கொடுத்த கருவியை இப்போது திருப்பி வாங்க முடியாமற் பெற்றோர் தவிக்கின்றனர். இத்தகையதொரு சூழ்நிலையில், அதே கருவியில் விளையாடப்படும் விளையாட்டொன்றைக் கொண்டு நோய்ப் பராமரிப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று எவரேனும் கூறினால் அதனைச் சந்தேகத்துடன் நோக்குவது இயல்பானதே. ஆயினும், நீரிழிவு நோயுடன் வாழும் சிறுவர்களைப் பொறுத்தவரையில் இந்த யோசனை புதியதுமல்ல, வெறும் விளம்பரப் பேச்சுமல்ல. அதற்கு முப்பது வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நல்ல முயற்சிகளும் உள்ளன, விற்பனைத் தந்திரங்களும் உள்ளன. எமது வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துகின்ற, ஆனால் பெரிதும் கவனிக்கப்படாத ஆய்வு முடிவொன்றும் அதிலே உள்ளது.

நீரிழிவு என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுபவர், கிளினிக் கொப்பியைக் கையிற் பிடித்தவாறு அதிகாலையிலேயே வைத்தியசாலை வாங்கில் வந்து அமர்ந்திருக்கும் ஒரு முதியவரே. அத்தோற்றம் பிழையானதன்று. 2005-2006 காலப்பகுதியில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, 20 வயதும் அதற்கு மேற்பட்டோரிலும் 10.3 சதவீதமானோர் நீரிழிவு உடையவர்கள் எனக் கண்டறிந்தது. (யுத்தச் சூழல் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் உள்ளடக்கப்படவில்லை என்பதை எமது வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும்.) இவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவாகும். சிறு பிள்ளைகளைத் தாக்குவதோ பெரும்பாலும் முதலாம் வகை. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி, சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களைத் தானே அழித்துவிடுவதனால் இந்நோய் ஏற்படுகின்றது. பிள்ளை இனிப்பு அதிகம் உண்டதனால் வருவதல்ல, தாய் கவனிக்காமல் விட்டதனால் வருவதுமல்ல. 1921 ஆம் ஆண்டில் கனடாவின் ரொரன்ரோ நகரில் பிரெட்ரிக் பான்ரிங்கும் சார்ள்ஸ் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்னர், இந்நோய் கண்ட பிள்ளை சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோவதே வழமையாக இருந்தது.

இன்று அந்தப் பிள்ளை வாழ முடியும். ஆனால் அந்த வாழ்வு நாள்தோறும் கணக்குப் பார்க்கின்ற வாழ்வாகும். விரல் நுனியில் ஊசியாற் குத்தி இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்தல், உண்ணப்போகும் உணவில் மாப்பொருள் எவ்வளவு என மதிப்பிடுதல், அதற்கேற்ப இன்சுலின் அளவைத் தீர்மானித்து ஏற்றுதல், ஓடி விளையாடப் போவதாயின் அதற்கும் கணக்கு, காய்ச்சல் வந்தால் அதற்கு வேறு கணக்கு. வளர்ந்தவர்களே சலித்துப்போகின்ற இவ்வேலையை ஒன்பது வயதுப் பிள்ளையொன்று செய்ய வேண்டியுள்ளது. செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதில் வைத்திய உலகில் இப்போது ஐயமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவாளர்களிடையே நடத்தப்பட்டு 1993 இல் முடிவு வெளியிடப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு, சீனியின் அளவை இறுக்கமாகப் பேணியவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு ஏற்படும் அபாயம் 76 சதவீதத்தால் குறைந்ததைக் காட்டியது. கண்களும் சிறுநீரகங்களும் நரம்புகளும் பாதிக்கப்படுவது இருபது வருடங்களின் பின்னர் என்றாலும், அதனைத் தீர்மானிக்கின்ற பழக்கங்கள் சிறுபராயத்திலேயே உருவாகிவிடுகின்றன.

இருபது வருடங்களை விடுவோம். அடுத்த இருபது நிமிடங்களில் நேரக்கூடிய ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஏற்றிய பிள்ளை நேரத்துக்கு உண்ணாவிட்டாலோ, வழமையை விட அதிகம் ஓடியாடிவிட்டாலோ சீனி சடுதியாகக் கீழிறங்கும். உடல் நடுங்கும், வியர்க்கும், பேச்சுத் தடுமாறும், எரிச்சலும் பிடிவாதமும் தோன்றும். பாடசாலையில் அதனைப் பார்க்கின்ற ஆசிரியர் சோம்பல் என்றோ குழப்படி என்றோ எண்ணிவிடக்கூடும். அவ்வேளையில் அப்பிள்ளைக்கு உடனே தேவைப்படுவது சுமார் 15 கிராம் சீனி, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்த தண்ணீர். பதினைந்து நிமிடங்களின் பின்னர் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். "சீனி வருத்தக்காரப் பிள்ளைக்குச் சீனி கொடுப்பதா?" என்று தயங்குகின்ற பெரியவர்கள் எம்மத்தியில் அநேகர். அத்தயக்கம் உயிராபத்தாக முடியலாம்.

இவற்றையெல்லாம் துண்டுப்பிரசுரம் மூலமும் கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிட ஆலோசனை மூலமும் பிள்ளையின் மனதிற் பதியவைக்க முடியுமா என்பதே விளையாட்டு வடிவமைப்பாளர்கள் முன்வைத்த கேள்வியாகும். முடியாது என்பது அவர்களது முடிவு. நாமும் அதனை ஏற்கின்றோம். அறிவுரை என்பது ஒரே நாளிற் சொல்லப்படுவது. நீரிழிவோ நாளுக்குப் பலமுறை தீர்மானம் எடுக்கக் கோருவது. பிழையான தீர்மானத்தின் விளைவை உண்மையான உடலில் அனுபவித்துக் கற்பது கொடுமையானதும் ஆபத்தானதுமாகும். திரையிலுள்ள பாத்திரமொன்றின் உடலில் அதே பிழையைச் செய்து, அது மயங்கி விழுவதைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்துச் சரிசெய்து பழக முடியுமாயின் அது பயனுள்ள ஒத்திகையே. விமானிகள் பாவனைக் கருவியிற் பயிற்சி பெறுவதை நாம் எவரும் விளையாட்டு என்று இகழ்வதில்லை.

இம்முயற்சிகளில் முன்னோடியாக அமைந்தது 1992 இல் அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோ இயந்திரத்துக்காக வெளிவந்த 'கப்டன் நோவோலின்' என்ற விளையாட்டாகும். அதன் நாயகன் முதலாம் வகை நீரிழிவு கொண்ட ஒரு மாவீரன். குப்பை உணவுகளின் உருவில் வருகின்ற வேற்றுக்கிரக வாசிகளே அவனது எதிரிகள். நாயகனின் பெயரைக் கவனித்தவர்களுக்கு விடயம் விளங்கியிருக்கும். நோவோலின் என்பது நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் விற்பனை செய்த இன்சுலினின் வர்த்தகப் பெயர். விளையாட்டுக்கு அனுசரணை வழங்கியதும் அந்நிறுவனமே. நோயுற்ற பிள்ளையொன்று தன்னைப் போன்ற ஒருவனை நாயகனாகத் திரையிற் காண்பது பெரிய விடயம்தான். ஆனால் அந்த நாயகன் ஒரு மருந்தின் பெயரைச் சூடி வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மற்றொரு குறையும் அதில் உண்டு. ஆட்டத்தின் இடையே உரிய உணவை எடுத்துக்கொண்டால்தான் நாயகன் நிலைத்து நிற்பான் என்ற ஏற்பாடு இருந்தபோதிலும், இனிப்புப் பண்டங்கள் அரக்கர்களாகவே காட்டப்பட்டன. சீனி இறங்கி நடுங்கும் வேளையில் அதே இனிப்புத்தான் மருந்து என்பதை அப்படிப் பழகிய பிள்ளைக்கு எவ்வாறு விளக்குவது?

அவ்விளையாட்டை வெளியிட்டவர்களே 1990 களின் நடுப்பகுதியில் வெளியிட்ட 'பக்கியும் மார்லனும்' இதனை விடப் பன்மடங்கு சிறந்தது. பக்கி, மார்லன் என்ற இரு யானைக் குட்டிகளும் நண்பர்கள். இருவருக்கும் நீரிழிவு. அவர்கள் செல்கின்ற கோடைகால முகாமில் எலிகள் புகுந்து உணவையும் நீரிழிவுக்குரிய பொருட்களையும் திருடிச் சென்றுவிடுகின்றன. அவற்றை மீட்டெடுக்க வேண்டும். அதற்கிடையில் வேளை தவறாமல் சீனியைப் பரிசோதித்து, இன்சுலின் ஏற்றி, உணவைத் தெரிந்தெடுக்கவும் வேண்டும். கணக்கைப் பிழைத்தால் யானைக்குட்டி தள்ளாடும். இருவர் சேர்ந்து விளையாடக்கூடிய வசதியும் அதில் இருந்தமையால் நோயில்லாத அண்ணனோ அயல்வீட்டு நண்பனோ கூட இன்சுலின் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அந்த ஆட்டத்தை ஆட முடியாது.

இவ்விளையாட்டு முறையான ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டமையே அதன் தனிச்சிறப்பு எனலாம். கலிபோர்னியாவின் வட பகுதியில் இரண்டு கிளினிக்குகளுக்கு வந்த 8 முதல் 16 வயது வரையான 59 பேர் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 31 பேருக்கு இந்த நீரிழிவு விளையாட்டும், 28 பேருக்கு நீரிழிவுடன் தொடர்பில்லாத சாதாரண விளையாட்டொன்றும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, நீரிழிவு விளையாட்டைப் பெற்ற பிள்ளைகளின் சுய பராமரிப்பு முன்னேறியிருந்தது. அவசரமாக வைத்தியரிடம் ஓடவேண்டிய தடவைகள் 77 சதவீதத்தாற் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. 1997 இல் வெளியான இவ்வாய்வை மேற்கோள் காட்டுகின்ற அனைவரும் இந்த 77 சதவீதத்தையே பெரிதாக எழுதுகின்றனர். எம்மைக் கேட்டால் அதுதான் அவ்வாய்வில் பலவீனமான எண். பங்குபற்றியோர் தொகை சிறியது. அந்தக் குறைவு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்பதைப் புள்ளிவிபரக் கணிப்பு முற்றாக மறுக்கவில்லை. அதை விட உறுதியாக வெளிப்பட்ட முடிவு வேறொன்று. விளையாடிய பிள்ளைகள் தமது நோயைப் பற்றிப் பெற்றோருடன் கூடுதலாகப் பேசத் தொடங்கினர்.

இந்த ஒரு முடிவுதான் எமது சமூகங்களுக்கு முக்கியமானது என நாம் கருதுகின்றோம். நீரிழிவு வந்த பிள்ளையின் வீட்டில் எமது பக்கங்களில் நிகழ்வது என்ன? முதலில், விடயம் வெளியே தெரியக்கூடாது என்ற தீர்மானம் எடுக்கப்படுகின்றது. பெண் பிள்ளையாயின் நாளைக்குக் கலியாணம் பேசும்போது இடைஞ்சலாக வரும் என்ற அச்சம் இந்துக் குடும்பத்திலும் உண்டு, கிறிஸ்தவக் குடும்பத்திலும் உண்டு, முஸ்லிம் குடும்பத்திலும் உண்டு. வகுப்பாசிரியருக்குக் கூடச் சொல்லப்படுவதில்லை. ஊசி, அறைக் கதவைச் சாத்திய பின்னரே ஏற்றப்படுகின்றது. கலியாண வீட்டில் பந்தியில் அமர்ந்திருக்கையில் ஊசி போடும் நேரம் வந்தால் பிள்ளை பேசாமல் இருந்துவிடுகின்றது. இத்தனை மறைப்புக்கும் மத்தியில் வளர்கின்ற பிள்ளை, தனக்கு இருப்பது நோயன்று, குற்றம் என்றே விளங்கிக்கொள்கின்றது. பரிசோதனையில் சீனி கூடுதலாகக் காட்டினால் ஏச்சு விழும் என்பது தெரிந்தவுடன் கொப்பியில் பொய்யான எண்ணை எழுதத் தொடங்குகின்றது. பதின்ம வயதினரின் பதிவுக் கொப்பிகளைப் பார்க்கின்ற வைத்தியர்களுக்கு உலகெங்கும் பரிச்சயமான விடயம் இது. எங்கள் பிள்ளைகள் மாத்திரம் விதிவிலக்கல்லர்.

அப்படிப்பட்ட வீட்டில், "அம்மா, இந்த யானைக்கு ஏன் மயக்கம் வருகுது?" என்று பிள்ளை கேட்பதற்கு ஒரு வாய்ப்பு ஏற்படுமாயின் அதன் பெறுமதியை அளவிடுவது கடினம். தன்னைப் பற்றிக் கேட்கக் கூசுகின்றதை யானையைப் பற்றிக் கேட்கலாம்.

விளையாட்டை இரத்தப் பரிசோதனைக் கருவியுடனேயே இணைத்தல் அடுத்த கட்டமாக வந்தது. தன் மகன் சீனி பார்க்கும் கருவியை அடிக்கடி தொலைத்துவிடுகின்றான், ஆனால் கையடக்க விளையாட்டுக் கருவியை ஒருபோதும் தொலைப்பதில்லை என்பதைக் கவனித்த அமெரிக்கத் தந்தையொருவர் இரண்டையும் ஒன்றாக்க முயன்றார். 2007 இல் அவுஸ்திரேலியாவில் அறிமுகமான 'குளுக்கோபோய்' அதன் விளைவு. பின்னர் பேயர் நிறுவனம் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு 2009 இல் பிரித்தானியாவிலும் 2010 இல் அமெரிக்காவிலும் 'டிஜெற்' என்ற பெயரில் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. விரலைக் குத்திப் பரிசோதித்தால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகளைக் கொண்டு விளையாட்டில் புதிய கட்டங்களைத் திறக்கலாம்.

புள்ளி எதற்கு வழங்கப்பட வேண்டும் என்ற வினா இங்கு எழுகின்றது. இது சிறிய விடயமாகத் தோன்றினாலும் முழு முயற்சியின் உயிரும் இதிலேயே தங்கியுள்ளது. சீனி நல்ல அளவில் இருந்தமைக்குப் புள்ளி வழங்கினால் அது ஏச்சுக்குப் பயந்து பொய் எழுதும் பிள்ளையை வேறு வழியில் உருவாக்கும். தனது கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லாத ஓர் எண்ணுக்காகப் பிள்ளையைப் பாராட்டுவதும் தண்டிப்பதும் ஒன்றே. பரிசோதித்தமைக்கும், எண் கூடிக் குறையும்போது அதற்கேற்ற நடவடிக்கை எடுத்தமைக்கும் புள்ளி வழங்கினால் பிள்ளை உண்மையைச் சொல்லப் பழகும். விளையாட்டைத் தெரிவு செய்யும் பெற்றோர் முதலிற் பார்க்கவேண்டியது இதனைத்தான். படங்களின் அழகை அல்ல.

கையடக்கத் தொலைபேசியின் காலத்தில் இது இன்னும் தெளிவாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்சுலின் பிறந்த அதே ரொரன்ரோ நகரில், பான்ரிங்கின் நினைவாக 'பான்ட்' எனப் பெயரிடப்பட்ட செயலியொன்று பதின்ம வயதினருக்கென உருவாக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனைப் பழக்கத்துக்குப் புள்ளிகளும், புள்ளிகளுக்குப் பாடல்களும் செயலிகளும் வாங்கும் வசதியும் அதில் அளிக்கப்பட்டன. 2012 இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் 20 பேர் 12 வாரங்கள் அதனைப் பயன்படுத்தினர். நாளொன்றுக்குச் சராசரியாக 2.4 ஆக இருந்த பரிசோதனைத் தடவைகள் 3.6 ஆக உயர்ந்தன. ஐம்பது சதவீத அதிகரிப்பு. ஆனால் 92 பேரைக் கொண்டு ஒரு வருட காலம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், மூன்று மாத காலச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. செயலியைப் பயன்படுத்தியவர்களுள் நாளுக்கு ஐந்து தடவைகளோ அதற்கு மேலோ பரிசோதித்தவர்களிடமே முன்னேற்றத்தின் அறிகுறி தென்பட்டது.

இதனைத் தோல்வி என்று கூறுவோரும் உளர். நாம் அவ்வாறு நோக்கவில்லை. விளையாட்டு பிள்ளையைப் பரிசோதிக்கத் தூண்டும். பரிசோதனையில் வந்த எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்பதை விளங்கிய பெரியவர் ஒருவர் அருகில் இல்லாவிடின் அந்த எண் வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

இச்செயலிகளின் உரிமை எவரிடம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் நீரிழிவுடன் வாழ்ந்த இளைஞர்களின் முயற்சியாற் தோன்றிய 'மைசுகர்' என்ற செயலி, நீரிழிவை ஓர் அடங்காத குட்டிப் பூதமாகச் சித்திரித்து, ஒவ்வொரு பதிவின் மூலமும் அதனை அடக்கும் விளையாட்டாக நாளாந்தப் பதிவை மாற்றியது. உலகெங்கும் அது வரவேற்பைப் பெற்றது. 2017 இல் ரோஷ் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. சீனி பார்க்கும் கருவிகளையும் பட்டிகளையும் விற்பனை செய்கின்ற நிறுவனங்களுள் ரோஷ் முன்னணியிலுள்ளது. அதிற் சட்டவிரோதம் எதுவுமில்லை. இருப்பினும், பிள்ளையொன்றின் இரத்தத்தில் இன்று காலை எவ்வளவு சீனி இருந்தது என்ற தகவல், அதற்குப் பட்டி விற்பவரின் கணினியிற் சென்று சேர்கின்றது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

நிறுவனங்களை நம்பியிருப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. நீரிழிவு ஆயுள் முழுவதற்குமானது. விளையாட்டுகளின் ஆயுளோ மிகச் சொற்பம். பக்கியும் மார்லனும் ஓடிய இயந்திரம் இன்று பழம்பொருள் சேகரிப்போரிடமே கிடைக்கும். டிஜெற் பொருந்திய நிண்டெண்டோ டிஎஸ் கருவியின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் அமைந்திருந்த எண்ணற்ற கல்வி விளையாட்டுகள் 2020 ஆம் ஆண்டின் இறுதியுடன் ஒரே நாளில் செயலிழந்தன. எட்டு வயதில் ஒரு செயலிக்குப் பழகிய பிள்ளை பன்னிரண்டு வயதை அடையும்போது அது இருக்குமென்பதற்கு எவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

எமது நாட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றால் என்ன பயன் என்று பார்க்கும்போது முதலில் இடறுவது உணவு. மேற்கூறிய விளையாட்டுகள் பீட்சாவையும் அப்பிளையும் அறியும். பிட்டையும் சொதியையும் அறியா. ஒரு கோப்பைச் சோற்றுக்கும் மூன்று இடியப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பாணுக்கும் கொத்து ரொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை, பனங்கட்டி சீனியல்ல என்ற எமது பழைய நம்பிக்கையை அவை தொடுவதில்லை. பிள்ளையின் தட்டில் உள்ளதைக் காட்டாத விளையாட்டு அதற்குக் கணக்கைக் கற்பிக்க முடியாது.

அடுத்தது விரதமும் நோன்பும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையன்று, நோயாளிக்கும் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. ஆயினும் ரமழானில் தன் வயதையொத்தவர்கள் எல்லோரும் நோன்பிருக்கையில் தான் மாத்திரம் உண்பதற்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளை வெட்கப்படுகின்றது. சிலர் வீட்டாருக்குத் தெரியாமல் இன்சுலினைத் தவிர்த்துவிட்டு நோன்பு நோற்கவும் துணிகின்றனர். விரலைக் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300 ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பதையும் சர்வதேச வைத்திய வழிகாட்டல்கள் தெளிவாகக் கூறுகின்றன. ஸஹரிலிருந்து இப்தார் வரையான ஒரு நாளைத் திரையில் வாழ்ந்து பார்க்கின்ற பிள்ளைக்கு இது எந்தப் பிரசங்கத்தையும் விட நன்றாக விளங்கும். உலமாக்களும் சிறுவர் வைத்திய நிபுணர்களும் ஒன்றாக அமர்ந்து எழுத வேண்டிய பகுதி இது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்க வேண்டுமென அடம்பிடிக்கின்ற பிள்ளைக்கும் அது பொருந்தும்.

மொழியை எடுத்துக்கொண்டால், பாடப்புத்தகத்தில் நீரிழிவு என்கின்றோம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் அது சலரோகம். கிழக்கிலும் பிற இடங்களிலும் சீனி வருத்தம். மலையகத்தில் சுகர். அரச செயலிகளிற் காணப்படுகின்ற, சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழைக் கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளையுடன் பேச முடியாது. மின்சாரமும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அமுலான நாட்களில் குளிர்சாதனப் பெட்டியை நம்பி இன்சுலின் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. நீர் தெளித்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியைக் குளிர்ச்சியாக வைக்கும் முறை பல வறிய நாடுகளில் வைத்தியர்களாலேயே கற்பிக்கப்படுகின்றது. நிண்டெண்டோவின் யானைக்குட்டிக்கு அது தேவைப்படவில்லை. தோட்டத்து லயன் அறையில் வாழும் பிள்ளைக்குத் தேவைப்படும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. விளையாட்டு எத்தனை தடவை சொன்னாலும் பரிசோதிப்பதற்குப் பட்டி வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுகின்றது. வீட்டிலே நாளுக்கு நான்கு தடவை சீனி பார்ப்பதற்கான பட்டிகளைப் பெரும்பாலும் குடும்பங்களே பணங்கொடுத்து வாங்குகின்றன. நான்கு தடவை என்றால் மாதத்துக்கு 120 பட்டிகள். 2022 இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, இறக்குமதியாகும் இப்பட்டிகளும் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாத தூரத்துக்குச் சென்றன. செல்வந்த நாடுகளிலே பிள்ளைகள் புயத்தில் ஒட்டிய உணரியின் மூலம் விரலைக் குத்தாமலேயே தொலைபேசியில் சீனியைப் பார்க்கின்றனர். எமது பிள்ளையோ ஒரு பட்டியை இன்று பாவிப்பதா, காய்ச்சல் வரும் நாளுக்கு வைப்பதா என்று யோசிக்கின்றது. பட்டியில்லாத பிள்ளையிடம் பரிசோதித்தாற் புள்ளி தருவோம் என்று கூறும் விளையாட்டு அப்பிள்ளையைக் கேலி செய்வதாகவே முடியும்.

ஆகவே விளையாட்டுச் செயலியொன்றைத் திறந்து வைத்து, நாடாவெட்டி, பத்திரிகைக்குப் படமெடுத்து முடித்துவிடும் வழமையான திட்டமாக இது வந்துவிடக்கூடாது. சிறுவர் நீரிழிவு கிளினிக்குகளை மையமாகக் கொண்டு, சுகாதார அமைச்சின் பொறுப்பில், எந்த நிறுவனத்தின் பெயரும் தாங்காமல், தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியே எழுதப்பட்டதாக அது அமையலாம். இணைய இணைப்பின்றியும், தகப்பனின் மலிவான பழைய தொலைபேசியிலும் இயங்க வேண்டும். பெற்றோரோ சகோதரரோ சேர்ந்தாலன்றி முன்னேற முடியாத கட்டங்கள் அதில் இருக்க வேண்டும். இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. எமது பல்கலைக்கழகங்களிற் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவே அதன் முதல் வடிவத்தை ஆக்கித்தர முடியும். கிளினிக்கில் தாதி உத்தியோகத்தர் ஒருவர், காத்திருக்கும் வேளையில் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்து, "இந்த இடத்தில் ஏன் மயங்கி விழுந்தாய்?" என்று கேட்பதற்கு ஐந்து நிமிடங்கள் ஒதுக்கினால் போதும். பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தின் ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதும் அதனை விளையாடுமாயின், அடுத்த மேசையில் இருப்பவன் நடுங்கும்போது சீனித்தண்ணீர் கொண்டு வரத் தெரிந்த நாற்பது பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.

பட்டிகளின் விடயம் அமைச்சின் தீர்மானத்துக்குரியது. முதலாம் வகை நீரிழிவுடைய பிள்ளைகளின் தொகை, நாட்டிலுள்ள மொத்த நீரிழிவாளர்களுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியதாகும். 18 வயதுக்குட்பட்ட இப்பிள்ளைகளுக்கு மாத்திரமேனும் நாளுக்கு நான்கு பட்டிகளை இன்சுலினுடன் சேர்த்து இலவசமாக வழங்குவதற்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு செய்யும்படி, இரு சமூகங்களினதும் பாராளுமன்ற உறுப்பினர்கள் இணைந்து கோரிக்கை விடுக்க முடியும்.